கட்டியவனுக்கு ஆயிரம்!

வேலை முடிந்த கையோடு இந்தத் திடலுக்கு வந்திருக்கும் தோழர்களே!

சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர். மட்டை அடிக்கும் மெஷினிலிருந்து கிளம்பிய தூசி உங்கள் தலைமுடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. நார் திரித்துத் திரித்து விரல் நுனி காய்த்துக் கிடக்கிறது. அந்தக் கை ஓய்ந்த பிறகு சோற்றுக்கு என்ன வழி? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வழி இருக்கிறது என்கிறது டெல்லி. 1995 நவம்பர் 16-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். உங்கள் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறார், அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம். இத்தனையும் கட்டி, 58 வயதில் கிடைக்கும் குறைந்தபட்சப் பென்ஷன் எவ்வளவு தெரியுமா? மாதம் 1,000 ரூபாய்! 2014 செப்டம்பரில் வைத்த தொகை. அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, அந்த ஆயிரம் அசையவில்லை. அகவிலைப்படியும் கிடையாது.

தமிழ்நாடு அரசு ஆதரவற்ற முதியோருக்கு 1,200 ரூபாய் தருகிறது. அதுவே போதாது, கூட்டித்தான் தர வேண்டும். ஆனால் காலமெல்லாம் பணம் கட்டியவனுக்கு அதைவிட 200 ரூபாய் குறைவு என்றால், இது என்ன நியாயம்?

இன்னொரு கணக்கு கேளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறது. பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்கே குறைந்தது 10,000 ரூபாய் உறுதி. நம்மவர் 15,000 சம்பளத்தில் அதே பத்து ஆண்டு உழைத்தால்? திட்டத்தின் கணக்குப்படி பதினைந்தாயிரத்தைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 2,143 ரூபாய்!

அரசு ஊழியர்மீது நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் தெருவில் நின்று போராடி வாங்கினார்கள். நம் கேள்வி டெல்லியை நோக்கித்தான். தன் ஊழியருக்குத் தானே முதலாளியாக நிற்கும்போது 18.5 சதவீதம் போடுகிற அரசே, கயிறு திரிப்பவனுக்கு 1.16 போதும் என்று எந்தத் தராசில் நிறுத்தாய்?

இனி முதலாளிமார்களிடம் சில வார்த்தை. இருபது பேர் வேலை செய்தால் பி.எஃப். கட்டாயம். உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? ஒரே கொட்டகை, அண்ணன் பேரில் ஒரு போர்டு, தம்பி பேரில் ஒரு போர்டு. ரெஜிஸ்டரில் எப்போதும் பத்தொன்பது பேர்! இன்னும் சிலர் பி.எஃப். பிடிக்கும் பேசிக் சம்பளத்தைச் சுருக்கி, மீதியை அலவன்ஸ் என்று எழுதுகிறார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அலவன்ஸ் மொத்தத்தில் பாதிக்குமேல் போனால் மிஞ்சியதைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்கிறது. அந்தத் தொகுப்பில் நாங்கள் எதிர்ப்பது நிறைய உண்டு. இந்த ஒன்றை விடமாட்டோம்.

ஒழுங்காகக் கட்டும் முதலாளிக்கும் சொல்கிறேன்: போட்டிக்காரன் உங்களைவிட மலிவாக விற்பது அவன் சாமர்த்தியத்தால் அல்ல. தொழிலாளியின் முதுமையை அபகரித்து விலையைக் குறைக்கிறான். இருபது பேர் என்ற வரம்பு ஒழிந்தால் உங்களுக்கும் லாபம்தான். எங்களோடு சேர்ந்து கேளுங்கள்!

பென்ஷன் யாரும் போடும் பிச்சை அல்ல. 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமே அது கருணைத்தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் வழக்கில் சொன்ன அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். இன்று உழைத்து, நாளைக்கு வாங்க வேண்டிய கூலி அது.

ஆகவே கேட்கிறோம்: ஓய்வூதியர்கள் கோரும் 7,500 ரூபாயைக் குறைந்தபட்சமாக்கு, அகவிலைப்படியோடு கொடு! 2014-லிருந்து நகராத 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை உயர்த்து! இருபது பேர் வரம்பை நீக்கு! அரசின் பங்கைக் கூட்டு!

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. நாளைக்கே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள், பிடித்த பணம் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். பட்டறை மாறும்போது, கல்யாணம் காட்சி என்று பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பத்து ஆண்டு நிறையாவிட்டால் மாதாமாதம் பென்ஷன் கிடையாது. பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்றால் தனியாகப் போய் மல்லுக்கட்ட வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்!