காங்கோ மக்களை என்ன செய்தார்கள்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் திரண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளைக்காரன் ரயில் போட்டான், பள்ளிக்கூடம் கட்டினான் என்று டீக்கடையில் இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களோடு சண்டை வேண்டாம். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் கதையைச் சொல்லுங்கள், போதும்.

1885-ல் பெல்ஜிய மன்னன் லியோபோல்டு அந்த நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக்கிக் கொண்டான். ஒருநாள்கூட அவன் அங்கே கால் வைத்ததில்லை! சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் டயர் வந்த காலம் அது. காங்கோக் காட்டில் ரப்பர்க் கொடி இருந்தது. கொடியேறிப் பால் எடுக்க யார் போவான்? பட்டாளம் ஊருக்குள் புகுந்து பெண்களைப் பிடித்துக் கொட்டடியில் அடைத்தது. புருஷன் குறித்த எடை ரப்பரைக் கொண்டுவந்து கொட்டினால்தான் பெண்சாதிக்கு விடுதலை. சிப்பாய் செலவிட்ட தோட்டாவுக்கு வெட்டிய கையைக் கணக்குக் காட்ட வேண்டும். வேட்டையில் தோட்டாவைத் தீர்த்தவன், உயிரோடிருந்தவன் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தான்.

கை வெட்டியதற்குப் படமே இருக்கிறது. படத்தில் விழாத சேதத்தைச் சொல்ல வந்தேன். ஆண் காட்டில், பெண் கொட்டடியில். மரவள்ளி நடுவது யார்? பஞ்சம் வந்தது, பின்னாலேயே நோய் வந்தது. ஊர் ஊராக ஜனங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். பிள்ளைப்பேறுகூடக் குறைந்து போயிற்று.

உலகம் காறித் துப்பிய பிறகு, 1908-ல் பெல்ஜிய அரசு காங்கோவை மன்னனிடமிருந்து எடுத்துக்கொண்டது. பின்னாளில் வேறொரு கூத்து. படித்த காங்கோக்காரன், தான் நாகரிகமடைந்தவன் என்று அத்தாட்சி கேட்டு மனுப்போட வேண்டும். வீட்டுக்குள் வந்து, கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறானா என்று பார்ப்பார்கள். தபால் குமாஸ்தாவாக இருந்த பாட்ரிஸ் லுமும்பாவும் இப்படி மனுப்போட்டு வாங்கியவர்தான். அவரைக் குறைசொல்லவில்லை, மனிதனென்று காட்ட, மிதித்தவனிடமே சீட்டு வாங்க வைத்தார்கள்.

பள்ளிக்கூடமா? முதல் பல்கலைக்கழகம் 1954-ல்தான். 1960-ல் விடுதலை வந்தபோது நாடு முழுவதிலும் பட்டதாரிகள் 30 பேர் தேறவில்லை; பட்டாளத்தில் கறுப்பு அதிகாரி ஒருவர்கூட இல்லை.

1960 ஜூன் 30, விடுதலை விழா. அன்றைய பெல்ஜிய மன்னன் லியோபோல்டைப் புகழ்ந்து பேசி உட்கார்ந்தான். பிரதமர் லுமும்பா எழுந்தார். பறிபோன நிலத்தைச் சொன்னார், வயிற்றுக்குப் போதாத கூலியைச் சொன்னார், பட்ட அடியைச் சொன்னார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். நம் மொழிபோலவே பிரெஞ்சிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. கறுப்பு மனிதனுக்கு 'நீ', வெள்ளையனுக்கு மட்டுமே 'நீங்கள்' என்று வைத்திருந்ததை மன்னன் முகத்துக்கு நேரே சொன்னார். பண்ணையில் 'அடே' கேட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழு மாதம் ஆகவில்லை. 1961 ஜனவரி 17 இரவு, பெல்ஜிய அதிகாரிகள் கூடநிற்க, அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.