கணக்கு தொலைந்ததா, இடம் மாறியதா?

‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, மணமிக்க காய். மற்றொன்று, போட்டியிட்டு விலை கூறும் விற்பனை. இவ்விரண்டும் ஒருங்கே கூடும் ஊர் போடிநாயக்கனூர். மலைச்சரிவுகளில் விளையும் காய் இங்கு வந்து மின்னணு ஏலத்தில் விலை பெறுகிறது. எத்தனை லாட், எத்தனை கிலோ, உயர்ந்த விலை யாது, சராசரி விலை யாது எனக் கணக்கு வளர்ந்துகொண்டே போகும்.

முற்காலத்தில் இக்கணக்கைப் பேரேட்டில் எழுதினர். இன்று சிறு வணிகரும் கணினியில் எழுதுகின்றனர். செய்திகளை அட்டவணைகளாக அமைத்துத் தொடர்புபடுத்தும் முறையை 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் விளக்கினார். அம்முறையைத் தழுவிய மென்பொருள்களுள் ஒன்று, 1992இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்செஸ்.

புதிய தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கும்போது நாம் வேறிடம் சொல்லாவிடில், முன்னரே குறித்துவைத்த ஒரு கோப்புறையை இம்மென்பொருள் நாடும். “நான் சொல்லாவிட்டால் பதிவேடுகளை இந்த அலமாரியில் வை” என்று பள்ளி ஏவலரிடம் சொல்லி வைப்பதைப் போன்றது இது. அலமாரியை அகற்றிவிட்டால் ஏவலர் திகைப்பார் அன்றோ? அவ்வாறே, அக்கோப்புறையின் பெயரை மாற்றினாலும், அதை அழித்தாலும், அது இருந்த வெளி வட்டைக் கழற்றினாலும், மென்பொருள் அவ்விடத்தைக் காணாமல் பிழைச்செய்தி காட்டும்.

என்னிடம் பயின்ற ஏலக்காய் வணிகர் ஒருவருக்கு இத்தகைய செய்தி தோன்றிற்று. கணக்கெல்லாம் போயிற்று என அவர் அஞ்சினார். கணினியை முற்றும் துடைத்து, மென்பொருளைப் புதிதாக நிறுவுமாறு யாரோ அறிவுரையும் கூறிவிட்டனர். அவ்வாறு செய்திருப்பின், கணினியிலேயே இருந்த பழைய ஆண்டுகளின் கணக்குகள் உண்மையாகவே அழிந்திருக்கும். செய்தியை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொன்னேன். கணக்கு அழிந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. குறித்த இடம் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். அவ்விடமோ மேசை இழுப்பறையில் கிடந்த வெளி வட்டு!

இதனைத் திருத்தும் வழி எளிது. முதலில், இருக்கும் கோப்புகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பின்னர் ஆக்செஸில் ‘ஃபைல்’, அதனுள் ‘ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘ஜெனரல்’ என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘டிஃபால்ட் டேட்டாபேஸ் ஃபோல்டர்’ என்னும் கட்டம் இருக்கும். கணினியிலேயே நிலையாக உள்ள ஒரு கோப்புறையை அதில் தேர்ந்து, ஒப்புதல் கொடுங்கள். கழற்றி எடுக்கக்கூடிய வட்டைத் தேர்ந்தால் இத்தொல்லை மீண்டும் வரும்.

ஒன்றை மறவாதீர்கள். இம்மாற்றம் இனி உண்டாகும் கோப்புகளுக்கே உரியது. பழைய கோப்புகளை அது இடம்பெயர்க்காது. ஒரு தரவுத்தளம் வேறொரு கோப்பிலுள்ள அட்டவணைகளோடு இணைக்கப்பட்டிருந்து, அக்கோப்பு இடம் மாறியிருந்தால், அவ்விணைப்பை ‘லிங்க்டு டேபிள் மேனேஜர்’ வாயிலாகத் தனியே புதுப்பிக்கவேண்டும்.

ஓராண்டு உழைப்பின் கணக்கைக் காப்பதற்கு இங்கே பெரும்புலமை வேண்டியிருக்கவில்லை. பிழைச்செய்தி எதைப் பற்றிப் பேசுகிறது, பொருளையா, இடத்தையா என்று பிரித்தறியும் பொறுமையே வேண்டியிருந்தது. அதை அறியுமுன் எதையும் அழிக்கத் துணியாதீர்கள்.