நகராத மேகம்

தென்காசி, குற்றாலம் பக்கம் பொழுது சாய்வதே தனி தினுசு. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஊரில் நிழல் விழுந்த பிறகும் வானத்தில் வெயில் மிச்சமிருக்கும். விநோதமான மேகங்களைப் பார்க்கத் தோதான வேளை அது. கண்ணும் கூசாது.

மேகம் என்றாலே வடிவத்தைத்தான் பார்க்கிறோம். யானை, கப்பல், இப்போதெல்லாம் பறக்கும் தட்டு! என்னைக் கேட்டால், அது நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தையோ ஒரு மின்கம்பத்தையோ குறியாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

ஆனி, ஆடியில் மேல்காற்று மலைமேல் ஏறி வருகிறது. ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கம் மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, மேகம் கரைகிறது. நமக்கு மிஞ்சுவது சாரல். உச்சியில் உட்கார்ந்திருக்கும் மேகம் அத்தனை காற்றிலும் அசையாததன் ரகசியமும் இதுதான்: மேற்கு ஓரத்தில் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது, கிழக்கு ஓரத்தில் கரைந்துகொண்டே இருக்கிறது. காற்றுதான் ஓடுகிறது, மேகம் நிற்கிறது.

சில நாள் இறங்கிய காற்று அதோடு அடங்காது. மேலும் கீழுமாக அலையடித்துக்கொண்டே கிழக்கே போகும். அலை எழும் இடத்தில், விளிம்பு வழவழவென்று, லென்சு வடிவில் ஒரு மேகம் நிற்கும். பறக்கும் தட்டு என்று கைபேசியில் பரபரப்பாகச் சுற்றும் படங்களில் பல இந்த வகைதான். நீர்த்துளிகள் நுண்ணியவையாக, ஒரே அளவில் இருந்தால் அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் மினுங்கும்.

நிறத்துக்கெல்லாம் மேகமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அது கக்கிய தூசு மண்டலத்தால் அடுத்த மாதமே சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார்.

மேகத்தின் உயரத்தை அறியவும் எளிய வழி உண்டு. அந்தி மங்கும்போது முதலில் கறுப்பது தாழ்ந்த மேகம். கடைசிவரை சிவந்திருப்பது உயரத்தில் மிதக்கும் பனித்துகள் கீற்று.

முகடுகளுக்கிடையே கதிர்கள் விசிறியாக விரிந்தால், உடனே திரும்பி ஆலங்குளம் பக்கம் பாருங்கள். அதே கதிர்கள் கிழக்கிலும் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் சில நாள் தெரியும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன. தொலைவு காட்டும் மயக்கம்தான் அது.