தொட்டித் தோட்டம்: பயனும் எல்லையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். அவர்களுள் பலருக்குக் கொல்லைப்புறம் இல்லை. பால்கனியும் மொட்டைமாடியுமே உண்டு. அங்கே தொட்டிகளில் பயிரிடுமாறு கூறப்படும் அறிவுரை நல்லதே. ஆயின், தொட்டி எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தெளிவுபடுத்தாத அறிவுரை, சில மாதங்களில் காய்ந்த செடிகளையே மிச்சமாக்கும்.

ஒரு குடும்பத்தின் அரிசியையோ உருளைக்கிழங்கையோ தொட்டியில் விளைவிக்க இயலாது. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றின் நிலை வேறு. இவை நாள்தோறும் சிறிதளவே தேவைப்படுகின்றன. பறித்தபின் விரைவில் வாடுகின்றன. வீட்டில் வளர்த்தால் வேண்டியபோது வேண்டிய அளவே கிள்ளிக்கொள்ளலாம். இலைமீது எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்ற ஐயமும் எழாது. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, நேரடியாகத் தொட்டியில் விதைத்தல் வேண்டும்; நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் ஊறுபடும். கடும் வெயிலில் அது விரைவில் பூத்துவிடும். புதினா தண்டுகளால் படர்ந்து பிற செடிகளை நெருக்குமாதலால் அதற்குத் தனித் தொட்டி தேவை.

மென்கனிகளுள் ஸ்ட்ராபெர்ரி தொட்டிக்கு ஏற்றது; அதன் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. மகாராஷ்டிரத்தில் சுமார் 1,350 மீட்டர் உயரத்திலுள்ள மகாபலேஷ்வர் இப்பயிருக்குப் பெயர்பெற்றது. சமவெளியில் அதனைக் குளிர்காலப் பயிராகவே கருத வேண்டும். வட இந்திய நகரங்களில் அக்டோபரில் நட்டால் குளிர்காலத்தின் பிற்பகுதியில் கனி கிட்டும். இலைகள் தோன்றும் குருத்துப்பகுதி மண்ணில் புதைந்தால் செடி அழுகும். கிடைப்பது சில கைப்பிடிக் கனிகளே, சந்தைக்கான விளைச்சலன்று.

தொட்டிச் செடிகள் மடிவதற்கு நீர்க்குறைவைப் போலவே நீர்மிகுதியும் காரணமாகும். வடிகால் துளை அடைபட்டால் வேருக்குக் காற்றுக் கிட்டாது. துளைமீது ஓட்டுத் துண்டொன்றை வளைவாக வைத்து, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புதல் எளிய முறை. மேல்மண்ணை விரலால் தொட்டு, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும்.

அலுவலர்கள் கருதத்தக்க பொதுநலக் கூறுகள் இரண்டு உள. முதலாவது, எடை. 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிரப்பிய ஈரமண், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுடையது. மக்கள் சென்றுவரும் தட்டைக் கூரை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோகிராம் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டுமென்பதே இந்தியத் தர விதியாகும். ஆகவே தொட்டிகளை நெருக்கி அடுக்காமல், சுவர் தாங்கும் ஓரங்களில் இடைவெளிவிட்டு வைத்தல் வேண்டும். பழைய கட்டடமாயின் பொறியாளரின் கருத்தை முன்னரே பெறுதல் வேண்டும். இரண்டாவது, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரிலும் முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

எனவே, விதைப் பொட்டலத்துடன் பருவம், எடை, வடிகால் பற்றிய குறிப்பும் மக்களைச் சென்றடைதல் வேண்டும். வழங்கிய தொட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஓராண்டுக்குப் பின்னும் பசுமையாக நிற்கும் தொட்டிகளின் எண்ணிக்கையே இத்தகைய திட்டத்தின் உண்மையான அளவுகோலாகும்.