விதானத்தின் தாழ்ப்பாள்



வீட்டுக் கொட்டகையிலே ஒருவர் தம் கையால் விமானம் கட்டிப் பறக்கிறார் என்றால் நம்மிற் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அமெரிக்க நாட்டிலே அது சட்டம் இடந்தந்த ஒரு முயற்சி. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே ஆக்கியவர்கள் அதிற் பறக்கலாம் என்பது அந்நாட்டு விதி. 'கல்விக்காக' என்ற சொல் அங்கே முதலில் நிற்பது, ஆசிரியத் தொழிலில் நரைத்துப்போன என்போன்றோருக்கு மகிழ்ச்சி தருவது. 1953ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தில் போல் பொபெரெஸ்னி என்பவர் இத்தகையோருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். இன்று அச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒஷ்கொஷ் நகரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்திறங்குகின்றன.

இச்சிறு விமானங்களிற் பலவற்றுக்குக் கதவு இல்லை. இருக்கைக்கு மேலே ஒளி புகும் பிளாஸ்டிக்கினாலான குமிழ் போன்ற மூடி ஒன்று உண்டு. கனோபி என்று அதனை அழைப்பர். நாம் விதானம் என்று சொல்லுவோம். அதனைப் பூட்டி வைக்கும் தாழ்ப்பாளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். சிறிய பொருள்தான், ஆனால் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

எதிர்க்காற்று மூடியை அழுத்தி மூடிவிடும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. வளைந்த விதானத்தின் மேலே காற்று விரைந்தோடுகையில் அங்கு அமுக்கம் குறைகிறது. உள்ளேயுள்ள அமுக்கம் மூடியை மேலே தள்ளுகிறது. மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்றின் அமுக்கம் சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 165 கிலோ நிறைக்குச் சமம். அதிற் பாதியே மூடியை இழுத்தாலும் வளர்ந்த ஓர் ஆளின் நிறையைத் தாழ்ப்பாள் தாங்கவேண்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நிலத்தில் நிற்கும்போதோ இந்த இழுவை சிறிதும் இல்லை. ஆகவே அரைகுறையாய் விழுந்த கொண்டி கொட்டகையில் நல்லபிள்ளையாய் இருந்து, விமானம் நிலத்தை விட்டெழும் வேளையிலே கைவிட்டுவிடும். போதாக்குறைக்கு, விதானத்தின் பிளாஸ்டிக் உலோகச் சட்டத்தைவிட மிகுதியாக வெப்பத்தில் விரியும், குளிரிற் சுருங்கும். கோடையிற் கச்சிதமாகப் பொருந்தியது மாரியிலும் பொருந்தும் என்று எண்ணிவிட முடியாது.

பேர்ட் ரூட்டான் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் லோங் ஈஸி விமானத்தில் விதானம் வலப்பக்கக் கீலிலே திறக்கும். முதற்கொண்டி தவறினால் மூடியைச் சிறிதளவுக்குமேல் எழவிடாது பிடிக்க இரண்டாவது கொண்டி ஒன்று அதில் உண்டு. மூடியைப் பூட்டாமல் எஞ்சினை முடுக்கினால் எச்சரிக்கை ஒலி எழும்பும். அதன் சுழல்விசிறி பின்புறத்தில் இருப்பதால், உள்ளிருந்து பறக்கும் ஒரு வரைபடமோ மெத்தையோகூட நேரே விசிறியிற் போய் மோதலாம்.

கைப்பிடியும் சிலவேளை பொய் சொல்லும். 2003இல் முதன்முதல் பறந்த ஆர்.வி.-10 என்னும் நான்கு இருக்கை விமானத்துக்கு மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். கதவின் பின்மூலை சற்றே வெளியே பிதுங்கி நின்றால், பூட்டும் ஊசி துளைக்குள் நுழையாமல் வெளியே நழுவிவிடக்கூடும். கைப்பிடியோ முழுதும் திரும்பிப் 'பூட்டியாயிற்று' என்று காட்டும். கதவுகள் வானிற் பறந்துபோன பின்னரே மேலதிகக் கொண்டியின் அவசியம் பலருக்கு உறைத்தது. தொழிற்சாலையில் ஒருவர் செய்ததை மற்றொருவர் சோதிப்பார். வீட்டில் கட்டியவரின் விமானத்தை அதிகாரி ஒருவர் சான்றிதழுக்காகப் பார்த்துச் சென்றபின், நாள்தோறும் செய்யும் சோதனை பெரும்பாலும் அவர் ஒருவரின் பொறுப்பே. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனை நான் நன்கறிவேன். அவன் கண்ணுக்குத் தன் பிழை எளிதில் தெரியாது.

எனினும் கொடுமை வேறோரிடத்தில் இருக்கிறது. விதானம் திறந்துகொண்ட பின்னரும் பல விமானங்கள் பறக்கக்கூடிய நிலையிலேயே இருந்திருக்கின்றன. விமானியே பறக்க மறந்துவிடுகிறார். திடீரென்று பேரிரைச்சல், முகத்திலே காற்று அறைகிறது, மூக்குக்கண்ணாடி போய்விடுகிறது. அவர் ஒரு கையால் மூடியை எட்டி இழுக்கிறார். அந்தச் சில நொடிகளில் விமானத்தின் மூக்கு உயர்ந்து வேகம் குன்றுகிறது. சிறகுகள் தூக்கும் ஆற்றலை இழக்கின்றன. சில நூறு அடி உயரத்தில் அதனை மீட்க இடமில்லை.

ஆதலால் அனுபவமுள்ளோர் கூறுவது இது: மூடி எழும்பும்போது சக்கரங்கள் இன்னும் நிலத்திலிருந்து, முன்னே ஓடுபாதையும் மிஞ்சியிருந்தால், எஞ்சினைக் குறைத்து நின்றுவிட வேண்டும். எழும்பிவிட்டால் மூடியைத் தொடாமல், வேகத்தைக் காத்து, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கவேண்டும். புறப்படுமுன் கைப்பிடியைப் பார்ப்பது போதாது; கொண்டி உள்ள ஒவ்வோரிடத்திலும் உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளிப் பார்க்கவேண்டும். பக்கத்து இருக்கையில் நண்பர் இருந்தால் அவர் பக்கத்தையும் விமானியே தள்ளிப் பார்ப்பது நல்லது. நண்பருக்கு அந்தக் கொண்டி எதற்கென்றே தெரியாதிருக்கலாம்.