அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்கும் அவை

(சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சட்டம் இயற்றுவது பாராளுமன்றம். அதைச் செயற்படுத்துவது அரசாங்கம். அதற்குப் பொருள் கூறுவது நீதிமன்றம். பள்ளிப் பாடநூல்களில் இம்மூன்றும் சுவர் எழுப்பிப் பிரித்த மூன்று அறைகளைப் போல் காட்டப்படுகின்றன. இந்திய அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்தச் சுவர்கள் அவ்வளவு தெளிவாகத் தென்படுவதில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதியின் அமைச்சர் காங்கிரஸ் சபையில் உறுப்பினராக இருத்தலாகாது. இந்தியாவிலோ, பாராளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதங்களுக்கு மேல் அமைச்சராக நீடிக்க முடியாது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது 75ஆவது விதி. ஆகவே அவையில் எந்தப் பெரும்பான்மை அரசாங்கத்தைத் தாங்கி நிற்கிறதோ, அதே பெரும்பான்மைதான் அந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்கவும் வேண்டும். இது தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் ஏற்பாடாக முடிந்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இந்த ஐயத்தை ஆராய்வதற்குத் தகுந்த வாழ்க்கை ஒன்று இந்த மாவட்டத்திலேயே உண்டு. திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891ஆம் ஆண்டு பிறந்த மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் திருப்பதியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கற்றார். சில காலம் கணித ஆசிரியராக இருந்து, பின்னர் சித்தூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1934இல் தில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் திருப்பதித் தொகுதியிலிருந்தும், 1957இல் சித்தூர்த் தொகுதியிலிருந்தும் மக்களவைக்குச் சென்றார். முதல் சபாநாயகர் மவலங்கர் 1956 பிப்ரவரியில் காலமானதும், அதுவரை துணைச் சபாநாயகராக இருந்த ஐயங்கார் மார்ச் மாதத்தில் அவருடைய இடத்துக்கு வந்து, 1962 வரை அப்பதவியில் இருந்தார். மூன்று துறைகளும் தத்தம் எல்லையை உரசிப் பார்த்துக்கொண்ட ஆண்டுகள் அவை.

அவர் முதலில் நுழைந்த மத்திய சட்டசபை எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1919ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி பாதுகாப்புச் செலவு முதலிய பெரிய இனங்கள் உறுப்பினர்களின் வாக்குக்கே விடப்படவில்லை. வாக்குக்கு விடப்பட்ட மானியத்தை அவை வெட்டினாலும், அது இன்றியமையாதது என்று கூறி அரசாங்கம் அதை மீட்டுக்கொள்ளலாம். வரி மசோதாவை அவை மறுத்தால் கவர்னர் ஜெனரல் தம் சான்றைக் கொண்டு அதைச் சட்டமாக்கலாம். 1935இல் அவ்வாறே நடந்தது. வேடிக்கை இதனோடு முடியவில்லை. செலவான பணத்தை ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921 முதல் இயங்கிவந்தது. ஆனால் அதற்குத் தலைமை வகித்தவர் நிதித்துறைக்குப் பொறுப்பான உறுப்பினரே! கணக்குக் கொடுக்க வேண்டியவரே கணக்குக் கேட்கும் நாற்காலியிலும் அமர்ந்திருந்தார். பேச இடமுண்டு, தடுக்க வழியில்லை. இத்தகைய சபையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு, அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் உண்மையான கருவி சொற்பொழிவன்று, பணத்தின் மீதுள்ள பிடி என்பது விளங்காமல் இருந்திருக்காது.

1950இல் இது மாறியது. பொதுக் கணக்குக் குழு சபாநாயகரின் ஆளுகைக்குள் வந்தது. அமைச்சர்கள் அதில் இடம்பெறுவது நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில், நிதியமைச்சர் ஜான் மத்தாயின் யோசனைப்படி, மதிப்பீட்டுக் குழு என்னும் புதிய குழு அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் அனந்தசயனம் ஐயங்கார். தொடக்கத்தில் 25 உறுப்பினர்கள். 1956 முதல் 30 பேர். அனைவரும் மக்களவையைச் சேர்ந்தவர்கள். விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால் சிறிய கட்சிகளுக்கும் இடம் கிடைக்கிறது. அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக முடியாது. பொதுக் கணக்குக் குழு செலவான பணத்தைப் பார்க்கிறது. மதிப்பீட்டுக் குழுவோ, இதே பணியை இன்னும் சிக்கனமாக, வேறு முறையில் செய்திருக்கலாமா என்று கேட்கிறது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். இக்குழு பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னர்தான், 1950 மார்ச்சில், திட்டக் குழு அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் மூலம் உருவானது. அதற்கெனப் பாராளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 2,069 கோடி ரூபாய் வகுக்கப்பட்டது. இரண்டாம் திட்டத்தில் அரசுத் துறைக்கு மட்டும் 4,800 கோடி. அணையும் உருக்காலையும் இன்ஷூரன்ஸும் அரசின் கைக்கு வந்தபோது, நிர்வாகத்தின் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் அல்ல, செலவுக் கணக்கில் வளர்ந்தது. கட்டுப்பாடும் அங்கேயே வளர வேண்டியிருந்தது.

ஆயினும் மதிப்பீட்டுக் குழுவின் வரம்பை மிகைப்படுத்தலாகாது. அதன் அறிக்கைக்காக மானியக் கோரிக்கைகள் காத்திருப்பதில்லை. அதன் பரிந்துரைகள் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தவும் மாட்டா. ஒவ்வொரு பரிந்துரையின் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன, ஏற்கவில்லையெனில் காரணம் என்ன என்று அமைச்சகம் எழுத்தில் விடை தர வேண்டும். அவ்விடையைக் குழு மீண்டும் ஆராயும். வலிமை அவ்வளவுதான். அலுவலர்களுக்கு மட்டும் அது எவ்வளவு பெரியது என்பது தெரியும். குழுவின் முன் சாட்சியாக அமர்ந்திருக்கும் செயலாளரிடம், கோப்பில் இல்லாத காரணத்தைக் கேட்டுப் பெற எந்த உறுப்பினராலும் இயலாது. அவராலும் சொல்ல இயலாது.

முந்திரா விவகாரம்

எழுத்தில் இல்லாத முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1957 காட்டியது. 245 தனியார் இன்ஷூரன்ஸ் அமைப்புகளை ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1ஆம் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. கொள்கை பற்றி மத்திய அரசு அதற்குக் கட்டளையிடலாம், ஆனால் அக்கட்டளை எழுத்து மூலமாக இருக்க வேண்டும் என்று அதன் சட்டம் கூறுகிறது. ஓராண்டு நிறையுமுன், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்திரா என்னும் வணிகருக்குத் தொடர்புள்ள ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கார்ப்பரேஷன் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழு முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. எழுத்து மூலமான கட்டளையும் இல்லை.

இது முதலில் கேள்வி நேரத்தில் வெளிப்பட்டது. பின்னர் 1957 டிசம்பர் 16ஆம் நாள் மக்களவையில் விவாதமாக வெடித்தது. அதை எழுப்பியவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்லர்; ஆளும் காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பெரும்பான்மை தன்னைத் தானே எப்படித் தட்டிக் கேட்கும் என்று தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு, அன்று ஒரு முறையாவது விடை கிடைத்தது. தனி உறுப்பினர் ஒருவரின் மனத்துணிவால் மட்டும் அது கிடைக்கவில்லை. கேள்வியை ஏற்கவும் விவாதத்துக்கு நேரம் ஒதுக்கவும் அதிகாரம் பெற்ற நாற்காலி ஒன்று அவையில் இருந்தது. ஆளும் கட்சியின் சீட்டில் வென்று வந்தவரே அதில் அமர்ந்திருந்தார். எனினும் கதவு சாத்தப்படவில்லை.

அரசாங்கம் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற்றது; கூட்டம் பெருகவே ஒலிபெருக்கிகள் வைக்க நேர்ந்தது. ஒரு மாதத்துக்குள், 1958 பிப்ரவரியில், அறிக்கை வந்துவிட்டது. நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல் அமைச்சரின் ஒப்புதலுடன் நடந்தாரா என்பதே சிக்கலான கேள்வி. செயலாளரின் செயலுக்கு அரசியல் சட்ட முறைப்படி அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அம்மாதத்திலேயே பதவி விலகினார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாக்ளா நீதிபதிதான், ஆனால் அவர் அங்கே தீர்ப்பு வழங்கவில்லை. அவரை நியமித்தது நிர்வாகம். அவருடைய அறிக்கை அவைக்கு வந்தது. அமைச்சர் விலகியது அவைக்குள்ள பொறுப்பினால். மூன்று துறைகளின் ஆட்களும் தத்தம் வேலையை விடாமல் ஒரே விஷயத்தில் கை வைத்தார்கள். நம் நாட்டில் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளால் ஆனதே.

திருத்தணியும் பெருபாரியும்

அடுத்த நிகழ்ச்சி இந்த மாவட்டத்தின் மண்ணையே தொட்டது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வர வேண்டும் என்று ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் போராடியது. திருப்பதி பற்றியும் உரிமைக் குரல்கள் எழுந்தன. எச்.வி. படாஸ்கரின் சமரசத்துக்குப் பின், 1959இல் பாராளுமன்றம் ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் கிராமங்கள் சில ஆந்திரத்துக்கு வந்தன. இன்றைய சத்தியவேடு அவ்வாறு வந்த பகுதியே.

அப்போது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் சித்தூர் உறுப்பினர். 100ஆவது விதியின்படி, வாக்குகள் சமமாகப் பிரிந்தாலன்றி அவருக்கு வாக்கில்லை. விவாதத்தில் கலந்துகொள்வதும் மரபன்று. தம் மாவட்டத்தின் எல்லை வெட்டி மாற்றப்படும் வேளையில், அதுபற்றிப் பேச வாயில்லாத உறுப்பினர் அவர் ஒருவரே. நடுநிலை என்ற சொல்லின் விலை என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த மாற்றத்தைச் செய்ய, 3ஆவது விதியின் கீழ் ஒரு சாதாரணச் சட்டமே போதுமானதாயிருந்தது. சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டசபைகளின் கருத்தை ஜனாதிபதி கேட்டறிய வேண்டும். அக்கருத்து பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாற்றுவது வேறு, அயல் நாட்டுக்குக் கொடுப்பது வேறு. 1958 செப்டம்பரில் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, மேற்கு வங்காளத்தின் பெருபாரி யூனியனைப் பிரித்து ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்கு அளிக்க அரசாங்கம் இசைந்திருந்தது. ஐயம் எழவே, ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நிர்வாக உடன்படிக்கையும் போதாது, 3ஆவது விதிச் சட்டமும் போதாது, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960 மார்ச் 14ஆம் நாள் நீதிமன்றம் கருத்துரைத்தது. திருத்தணி கைமாறுவதற்குச் சரியாகப் பதினெட்டு நாட்கள் முன்பு! அரசாங்கம் அக்கருத்துக்கு உட்பட்டு, அவ்வாண்டிலேயே ஒன்பதாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெருபாரி கடைசிவரை கைமாறவில்லை. 1974 உடன்படிக்கையின் மூலம் அது இந்தியாவிலேயே நிலைத்தது.

தணிக்கையற்ற அதிகாரம்

அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் அவையை யார் கேள்வி கேட்பது? 1961இல் ஆச்சார்ய கிருபளானியை இழித்து எழுதியதற்காகப் ‘பிளிட்ஸ்’ வார இதழின் ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியா மக்களவையின் முன் வரவழைக்கப்பட்டு, ஆகஸ்டு 29ஆம் நாள் சபாநாயகரால் கண்டிக்கப்பட்டார். அவ்விதழின் கட்டுரை நயமற்றதாகவே இருந்திருக்கலாம். எனினும், தன்னைப் பற்றிய குற்றச்சாட்டில் தானே வழக்காளியும் நீதிபதியுமாக அவை அமர்ந்தது என்பதை மறுக்க முடியாது. 105ஆவது விதி தரும் சிறப்புரிமை அத்தகையது. 1964இல் உத்தரப் பிரதேசச் சட்டசபை இதே உரிமையைக் கொண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளைப் பிடித்துவர ஆணையிட்டது. அந்நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து அதற்குத் தடை விதிக்க வேண்டி வந்தது. ஜனாதிபதி கேட்டுக்கொண்டபடி உச்ச நீதிமன்றம் கருத்துரைத்து, நீதிபதிகளின் பக்கம் நின்ற பின்னரே அமைதி திரும்பியது.

சபாநாயகர் பதவியிலும் இதே போன்ற ஓட்டை உண்டு. 1962 பொதுத் தேர்தலில் சித்தூரிலிருந்து மீண்டும் வென்ற ஐயங்கார், அவ்வாண்டிலேயே உறுப்பினர் பதவியை விட்டுப் பீகார் ஆளுநராகச் சென்று 1967 வரை அங்கிருந்தார். 1978இல் காலமானார். அவருடைய நடுநிலையை இதனால் குறை கூறுவார் இல்லை. ஆயினும் நிர்வாகத்துக்கும் அவைக்கும் நடுவே நின்றவருக்கு அடுத்த பதவியை நிர்வாகமே வழங்குவது நல்ல வழக்கமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. ஆளுக்கு ஆள் குணம் வேறுபடும். வழக்கம் எல்லாரையும் நம்பியே அமைகிறது.

1985க்குப் பிறகு இக்கேள்வி கனத்துவிட்டது. அவ்வாண்டின் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்து, கட்சி மாறிய உறுப்பினரின் பதவி பறிபோகுமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சபாநாயகரிடம் ஒப்படைத்தது. அந்த முடிவு நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது என்று 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முடிவு எடுத்தால்தானே ஆய்வு? எடுக்காமலே காலம் கடத்தும் வழக்கம் பல மாநிலங்களில் பரவியது. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில், சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் முடிவு காண வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம், இவ்வதிகாரத்தைக் கட்சி சார்ந்த சபாநாயகரிடம் வைத்திருக்க வேண்டுமா, நிலையான தீர்ப்பாயம் ஒன்றிடம் மாற்றலாமா என்று பாராளுமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. அவ்வாறு மாற்றுவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவை. அதைக் கொண்டுவர வேண்டியது அரசாங்கம், நிறைவேற்ற வேண்டியது சபாநாயகர்கள் தலைமை வகிக்கும் அவை.