புகையை அடக்குவது உத்தரவா? முதலாளி புத்தியா?

(புழலில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



2019-ம் வருஷக் கோடையில் இந்தப் புழல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருஷம் அறநிலையத் துறையார், மழைக்காகக் கோயில்களில் யாகம் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பினார்கள். நெய் நெருப்பிலே போயிற்று; தட்சணை புரோகிதர் மடியிலே போயிற்று; நம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியதுதான் கண்ட பலன்!

மழை தவறுவதும், வெயில் கொளுத்துவதும் வருணன் கோபமல்ல. கரியும் எண்ணெயும் எரிந்த புகையால் பூமி சூடேறி, பருவம் நிலைகுலைந்து வருகிறது என்று விஞ்ஞானிகள் அளந்து சொல்லுகிறார்கள். இதற்குப் பரிகாரம் கேட்டால் இரண்டு கட்சி பேசுகிறார்கள். சர்க்கார் உத்தரவு போட்டால் போதும் என்பது ஒன்று. முதலாளியை அவன் போக்கில் விட்டால் புதுப்புது யந்திரம் செய்துவிடுவான் என்பது மற்றொன்று. இரண்டையும் வேதவாக்காகக் கொள்ளாமல் விசாரித்துப் பார்ப்போம்.

அனல் மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் அளவு கட்டிற்று; இரண்டு வருஷத் தவணை கொடுத்தது. பிறகு தவணைக்கு மேல் தவணை! கடைசியில் 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்கள் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி வைக்க வேண்டியதில்லை என்று விலக்கே கொடுத்துவிட்டது. நம் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர் நிலையங்கள் எந்த முதலாளியின் சொத்து? சர்க்கார் சொத்துத்தானே! உத்தரவு போடுகிறவனும் உத்தரவுக்கு உட்பட வேண்டியவனும் ஒருவனேயானால், கேள்வி கேட்பது யார்? மந்திரம் சொன்னால் மழை வரும் என்பதற்கும், சட்டம் எழுதினால் புகை அடங்கும் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, முதலாளி புத்தியைப் பார்ப்போம். முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. பணம் போட்டவர்கள் பெரும்பாலும் தனியார். மெத்தச் சரி. ஆனால் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முதன்முதலாகக் காற்றாலை நட்டுச் சோதித்துக் காட்டியது சர்க்கார். பிறகு, காற்றாலையில் போட்ட பணத்துக்கு வருமான வரியில் பெருஞ்சலுகை கொடுத்ததும் சர்க்கார். வழி வெட்டியவன் ஒருவன். வண்டி ஓட்டியவன் இன்னொருவன். லாபம் தெரிந்த இடத்துக்கு முதலாளி வருவான். எண்ணூர்க் குழந்தையின் இருமலில் அவனுக்கு என்ன லாபம்? ஆகவே அந்த இருமலுக்கு அவன் தானாக மருந்து தேட மாட்டான்.

ஆகையால் தோழர்களே! உத்தரவும் வேண்டும், புதுப் புத்தியும் வேண்டும்; இரண்டையும் கண்காணிக்க உங்கள் பகுத்தறிவு எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டும். "எந்தத் தேதிக்குள் கருவி வைப்பாய்? இன்றைய புகை எவ்வளவு? அதைத் தமிழில் எழுதித் தெருவில் மாட்டு!" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தட்சணை வேண்டாம். தைரியம் இருந்தால் போதும்.